கல்விக்காக வாழ்ந்த பெருமகன் அறிஞர் எம்.ஸீ. சித்திலெப்பை (1838 – 1898)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நமது பள்ளிவாசலின் வருடாந்த அறிக்கை மலரில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதுவது வழக்கம். பெரும்பாலும் இமாம்களையும் இறைநேசர்களையும் பற்றியே எழுதி வந்திருக்கிறோம். இம்முறை நம் நாட்டில் பிறந்து, நம் தாய்மொழியில் எழுதி, நம் பிள்ளைகளின் கல்விக்காகத் தம் தொழிலையும் செல்வத்தையும் செலவிட்ட ஒருவரைப் பற்றி எழுத விரும்பினோம். அவரே அறிஞர் சித்திலெப்பை அவர்கள். அவருடைய பெயரை நம்மில் பலர் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஆயினும் அவர் எதை எதிர்த்து நின்றார், எதற்காக வருந்தினார் என்பதை அறிந்தோர் சிலரே. மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நாமும் அந்தப் பெயருக்கு மேல் எதையும் அறியாதிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பிறப்பும் இளமையும்

முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள் 1838ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் கண்டி மாநகரில் பிறந்தார்கள். தந்தையார் முஹம்மது லெப்பை சித்திலெப்பை அவர்கள் 1833இல் புரக்டராக நியமனம் பெற்றவர். இலங்கை முஸ்லிம்களுள் முதலாவது சட்டத்தரணி என்று போற்றப்படுபவர். வியாபாரமே நம்மவர்களின் தொழில் என்றிருந்த காலத்தில் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடும் ஒரு தந்தைக்குப் பிள்ளையாகப் பிறந்தது அவருக்கு இறைவன் அளித்த பெரும் வாய்ப்பாகும்.

இளமையில் அரபும் தமிழும் மார்க்க அறிவும் பெற்று, ஆங்கிலத்திலும் தேர்ச்சியடைந்தார். 1862இல் மாவட்ட நீதிமன்றப் புரக்டராகவும், இரண்டு ஆண்டுகளின் பின் உயர் நீதிமன்றப் புரக்டராகவும் ஆனார். கண்டி மாநகர சபையிலும் அங்கம் வகித்தார். நகர நீதவானாகவும் கடமையாற்றினார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த வாழ்வு அது. அவ்வாறே இருந்து மறைந்திருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். இன்று யாரும் நினைவுகூரவும் மாட்டார்கள்.

அன்றைய கல்வி நிலை

அவருடைய பணியை விளங்கிக்கொள்ள அக்காலக் கல்வி முறையைச் சற்று அறிதல் அவசியம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அரசாங்க உத்தியோகம், நீதிமன்றம், வைத்தியம் ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலமே திறவுகோல். அந்த ஆங்கிலத்தைக் கற்பித்த பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கிறிஸ்தவ மிஷனரிச் சங்கங்களே நடத்தின. 1869இல் கல்விக்கென ஒரு திணைக்களம் நிறுவப்பட்டதோடு தனியார் நடத்தும் பாடசாலைகளுக்கு அரசாங்கம் பணம் வழங்கும் உதவி நன்கொடை முறையும் விரிவடைந்தது. பிள்ளைகள் பரீட்சையில் காட்டும் தேர்ச்சியைப் பார்த்து நன்கொடை அளவிடப்பட்டது. ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் கட்டடங்களும் மிஷனரிமார்களிடமே இருந்தமையால் நன்கொடையின் பெரும்பங்கு அவர்களையே சென்றடைந்தது.

இங்கேதான் நீதி பற்றிய கேள்வி எழுந்தது. அந்தப் பணம் பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் ஆகிய எல்லாரும் செலுத்திய வரிப் பணம். ஆனால் அப்பாடசாலையில் சேரும் பிள்ளை எச்சமயத்தைச் சேர்ந்ததாயினும், பைபிள் பாடத்திலும் வழிபாட்டிலும் அமர வேண்டிய நிலையே பரவலாக இருந்தது. தன் பிள்ளைக்கு அப்பாடம் வேண்டாம் என்று கூறி விலக்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் பெற்றோருக்கு வழங்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் வந்த தூர விதியொன்று நிலைமையை மேலும் கடினமாக்கியது. உதவி பெறும் பாடசாலை ஒன்றிலிருந்து கால் மைல் தூரத்துக்குள் புதிதாகத் தொடங்கப்படும் பாடசாலைக்கு நன்கொடை மறுக்கப்படலாம் என்பது அவ்விதி. முன்னரே நகரங்களில் இடம் பிடித்தவர்களுக்கு அது அரணாயிற்று; பின்னர் விழித்துக்கொண்ட சமூகங்களுக்குத் தடையாயிற்று.

மிஷனரிமார்களை இகழ்வது நமது நோக்கமன்று. அவர்கள் தம் மார்க்கத்தின் மீது கொண்ட பற்றினால் கடல் கடந்து வந்து உழைத்தார்கள், எழுத்தறிவைப் பரப்பினார்கள். குறை அவர்களுடைய உழைப்பில் இல்லை. எல்லாருடைய பணத்தையும் பெற்று ஒரு சாராருக்கு மட்டும் வாயில் திறந்த ஏற்பாட்டிலேயே குறை இருந்தது.

ஏனைய சமூகங்கள் இதற்கு விடை தேடின. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை அமைத்தார். 1880இல் இலங்கை வந்த கேர்ணல் ஒல்கொட் அவர்களின் தூண்டுதலால் பௌத்தர்கள் பாடசாலைகள் தொடங்கினர். 1886இல் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரிக்கு வித்திடப்பட்டது.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 27 இலட்சத்து 60 ஆயிரம். சோனகர் ஏறக்குறைய 1 இலட்சத்து 84 ஆயிரம். இவர்களுள் பெரும்பாலோர் தம் பிள்ளைகளை அப்பாடசாலைகளுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். ஈமானைக் காக்க வேண்டும் என்ற அந்த அச்சம் நியாயமானது. அதை எள்ளி நகையாடுவோருடன் நாம் சேரமாட்டோம். ஆனால் பிள்ளையை நிறுத்திக்கொண்ட பெற்றோர் அதற்கு ஈடாக வேறொன்றையும் அமைக்கவில்லை. ஓதற்பள்ளியில் குர்ஆனைப் பொருளறியாது ஓதி முடித்த சிறுவன் கடைக்குப் போனான்; சிறுமி வீட்டுக்குள் இருந்தாள். கடிதம் ஒன்றை வாசிப்பதற்கும் மனு ஒன்றை எழுதுவதற்கும் பிறரை நாடி நிற்கும் நிலை ஏற்பட்டது.

இந்நிலையை நீதிமன்றத்தில் அன்றாடம் கண்டவர் சித்திலெப்பை அவர்கள். எழுதத் தெரியாமையால் நிலத்தையும் உரிமையையும் இழந்தோரின் வழக்குகள் ஒரு புரக்டரின் கைக்கு வராமல் இருந்திருக்க முடியாது. அச்சம் நியாயமாயினும் அதற்குக் கண்ட பரிகாரம் பிழை என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்த செய்தியாகும்.

முஸ்லிம் நேசன்

1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வாரப் பத்திரிகையை அவர் வெளியிட்டார். சமூகத்தை விழிக்கச் செய்ய வேண்டுமாயின் அதனுடன் அதன் மொழியில் பேச வேண்டும் என்பதை உணர்ந்த செயல் அது. மார்க்க விளக்கம், துருக்கி, எகிப்து முதலிய முஸ்லிம் நாடுகளின் செய்தி, உள்நாட்டுச் செய்தி ஆகியவை அதில் இடம்பெற்றன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வியின் தேவை பற்றி இடைவிடாது எழுதினார். தென்னிந்தியாவிலும் மலாய் நாடுகளிலும் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களும் அதன் வாசகர்களாயினர்.

1885இல் அஸன்பேயுடைய கதை என்னும் நூலை எழுதினார். எகிப்தில் பிறந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞனின் கதை அது. தமிழில் தோன்றிய முதல் நாவல் என்று கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறு ஆண்டுகளுக்குள் இது வெளிவந்தது. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்ற சிறப்பும் இதற்கு வழங்கப்படுகிறது. அரபு மொழியைச் சிறுவர்கள் எளிதாகக் கற்பதற்கான பாடநூலும், அஸ்றாறுல் ஆலம் என்னும் மெய்ஞ்ஞான நூலும் அன்னாரின் கைவண்ணத்தில் மலர்ந்தவை. ஆங்கிலக் கல்விக்காக வாதாடியவர் மார்க்கத்தை விட்டு விலகியவராக இருப்பார் என்று எண்ணுவோர் இந்நூல்களின் பெயரையாவது அறிந்துகொள்ள வேண்டும்.

எகிப்திலிருந்து வந்த விருந்தினர்

பத்திரிகை தொடங்கிய சில வாரங்களுக்குள் அல்லாஹ் ஒரு துணையை அனுப்பிவைத்தான். எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடித் தோல்வியுற்ற அஹ்மத் ஒறாபி பாஷா அவர்கள், தம் தோழர்களுடன் 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்தார்கள். இளமையில் அல் அஸ்ஹரில் ஓதியவர். எகிப்தியப் படையின் தலைவராகவும் யுத்த அமைச்சராகவும் இருந்தவர். அவரைக் காண்பதற்கு முஸ்லிம்கள் திரண்டனர்.

அந்த மரியாதையைச் சித்திலெப்பை அவர்கள் ஒரு நற்காரியத்துக்குப் பயன்படுத்தினார். ஆங்கிலம் கற்றால் ஈமான் போய்விடும் என்று அஞ்சியவர்களுக்கு, அல் அஸ்ஹரில் ஓதிய ஒரு பாஷாவே பிள்ளைகளுக்கு நவீன கல்வியைக் கொடுங்கள் என்று வலியுறுத்தியது பெரும் தெளிவைத் தந்தது. 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் அல் மத்ரஸத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமிய்யா என்னும் பாடசாலை தொடங்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் மார்க்கக் கல்வியும் ஆங்கிலக் கல்வியும் வழங்குவதே அதன் நோக்கம்.

அதே 1884இல்தான் வெலிகமையில் பாரி அரபு மத்ரஸாவும் தோன்றியது. ஆலிம்களை உருவாக்க ஒரு வாயிலும், மார்க்கப் பற்றுள்ள உத்தியோகத்தரையும் சட்டத்தரணியையும் வைத்தியரையும் உருவாக்க இன்னொரு வாயிலும் ஒரே ஆண்டில் திறந்தன. இவ்விரண்டையும் பகைமை உடையவையாக நோக்கும் பழக்கம் நம்மிடையே எங்கிருந்து வந்ததோ நாம் அறியோம். மத்ரஸாவில் ஓதிய நம்மைப் போன்றோர் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தோல்வியும் மறுமுயற்சியும்

கொழும்பில் தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. பணவுதவி போதவில்லை, பெற்றோரின் ஆதரவும் போதவில்லை. எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. எதிர்த்தவர்கள் வெளியார் அல்லர், நம்மவர்களே. ஆங்கிலம் மார்க்கத்துக்கு விரோதமானது என்று கருதிய உலமாக்களும் இருந்தார்கள், ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். வரலாற்றின் இப்பகுதியை நம் மலர்களில் மறைத்து எழுதுவது முறையாகாது. அந்த உலமாக்களின் நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான். ஆயினும் நல்ல நிய்யத்துடன் செய்யப்பட்ட ஒரு தவறும் ஒரு தலைமுறையைப் பின்தள்ளிவிடும் என்பதற்கு அந்தக் காலமே சாட்சி.

சித்திலெப்பை அவர்கள் துவண்டுவிடவில்லை. வருமானம் தந்த சட்டத் தொழிலை ஒதுக்கிவைத்து, ஊர் ஊராகச் சென்று கல்வியின் அவசியத்தை எடுத்துரைத்தார். கண்டி, குருநாகல் முதலிய இடங்களில் பாடசாலைகள் தோன்ற உழைத்தார். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். பெண் எழுதக் கற்பதே குற்றம் என்று பலர் கருதிய காலத்தில் இது எத்தகைய துணிவு என்பதை எண்ணிப் பாருங்கள். அறிவைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் கடமை என்று நாம் மிம்பரில் கூறுகிறோம். நம் வீட்டுப் பெண் மக்களும் அக்கடமைக்கு உரியவர்கள் என்பதை அவர் செயலில் காட்டினார்.

மருதானைப் பள்ளிவாசல் வளவில்

ஜமாஅத்தார்கள் மிகுந்த கவனத்துடன் வாசிக்க வேண்டிய பகுதி இதுவாகும்.

1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மத்ரஸத்துஸ் ஸாஹிரா ஆரம்பமாயிற்று. ஒறாபி பாஷா அவர்கள் அதன் போஷகர். பாடசாலையின் முகாமையை ஏற்றவர் ஏ.எம். வாப்பிச்சி மரிக்கார் அவர்கள். கொழும்பு நூதனசாலை உட்பட நகரின் பெரும் கட்டடங்கள் பலவற்றைக் கட்டிய ஒப்பந்தகாரர் அவர். நூதனசாலையைக் கட்டி முடித்தபோது தமக்கென எப்பரிசும் கேளாமல், வெள்ளிக்கிழமைகளில் அதனை மூடிவைக்குமாறு மட்டும் தேசாதிபதியிடம் கேட்டுக்கொண்டார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

சிந்தனையைச் சித்திலெப்பை அவர்கள் தந்தார். மதிப்பை ஒறாபி பாஷா அவர்கள் தந்தார். செல்வத்தையும் நிர்வாகத் திறனையும் வாப்பிச்சி மரிக்கார் அவர்கள் தந்தார். இடத்தைப் பள்ளிவாசல் தந்தது. 1884இல் தனித்து நின்று தோற்ற முயற்சி, 1892இல் ஒரு ஜமாஅத்தின் மடியில் அமர்ந்தபோது நிலைபெற்றது. முன்னையதற்கு இல்லாதிருந்து பின்னையதற்குக் கிடைத்த பெருந்துணை பள்ளிவாசலே.

மறைவும் பின் வந்த பயனும்

அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1898ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள் தம் 59ஆவது வயதில் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கண்டி மஹியாவ மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அவர் கண்மூடும்போது ஸாஹிரா ஆறு வயதைக்கூட நிறைவு செய்யாத சிறு பாடசாலை. தம் உழைப்பின் கனியை அவர் கண்ணால் காணவில்லை.

கனிகள் பின்னர் வந்தன. 1913இல் அது ஸாஹிராக் கல்லூரியாயிற்று. 1921 முதல் டீ.பி. ஜாயா அவர்களும், 1948 முதல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களும் அதிபர்களாக இருந்து அதனை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக்கினர். கம்பளை, அளுத்கமை, மாத்தளை, புத்தளம், கல்முனை ஆகிய ஊர்களிலும் ஸாஹிரா என்னும் பெயர் தாங்கிய பாடசாலைகள் எழுந்தன.

நீதி பற்றிய அந்தப் பழைய கேள்விக்கும் மெல்ல மெல்ல விடை கிடைத்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிற சமயப் பாடத்திலிருந்து தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு வழங்கியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்று அரசாங்கப் பாடசாலையில் நம் பிள்ளை இஸ்லாத்தை ஒரு பாடமாகவே கற்கிறது. நம் பாட்டன்மார் அஞ்சிய அச்சத்துக்கு இப்போது இடமில்லை.

நாம் பெறும் படிப்பினைகள்

முதலாவது: அச்சம் வந்தால் அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். பாடசாலையில் சூழல் சரியில்லை, ரியூஷன் வகுப்பில் சூழல் சரியில்லை என்று பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, சாதாரண தரத்துடன் நிறுத்திவிடும் வழக்கம் நம் மஹல்லாக்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. சூழல் சரியில்லையாயின் சரியான சூழலை அமைப்பது யார் பொறுப்பு? நமது பள்ளிவாசல் மண்டபம் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வெறுமையாகத்தானே கிடக்கிறது!

இரண்டாவது: நமக்குக் கேட்ட நீதியைப் பிறருக்கும் வழங்க வேண்டும். அன்று மிஷன் பாடசாலையில் ஒரு முஸ்லிம் சிறுவன் பட்ட சங்கடத்தை நம் பாடசாலையில் ஓர் இந்துச் சிறுமியோ பௌத்தச் சிறுவனோ கிறிஸ்தவப் பிள்ளையோ படக்கூடாது. ஸாஹிராவின் வாயில் ஏனைய சமயத்தாருக்கும் திறந்தே இருந்தது. தமிழ் உலகம் போற்றும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் அங்கு கற்றவரே. சிறுபான்மையாக இருக்கும்போது நீதி கேட்பது எளிது. பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் அதனை வழங்குவதிலேயே நம் மார்க்கத்தின் அழகு வெளிப்படும்.

மூன்றாவது: உலமாக்களாகிய எங்களுக்குரியது. ஒரு காரியத்தை ஹராம் என்று கூறுமுன், அதனால் ஒரு சமூகம் எதை இழக்கும் என்பதையும் நிறுத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். முதலில் இறங்கிய வஹீயே ஓதுமாறு கட்டளையிட்ட மார்க்கம் இது. சித்திலெப்பை அவர்களை எதிர்த்து நின்ற ஆலிமின் இடத்தில் நாளை வேறொரு விடயத்தில் நாமே நின்றுவிடாதிருக்க அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறோம்.

நான்காவது: இம்மலரின் பிற்பகுதியில் நிர்வாக சபையின் வரவு செலவு அறிக்கை அச்சாகியுள்ளது. சுண்ணாம்பு பூசுவதற்கும் மின்விசிறிக்கும் விரிப்புக்கும் செலவானதை ஜமாஅத்தார்கள் பார்ப்பீர்கள், அவை அவசியமானவையே. அதே பக்கத்தில் கல்விக்கென எத்தனை ரூபாய் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். தொகை சிறிதாயின் நிர்வாக சபையை மட்டும் குறை கூறாதீர்கள்; நம் சந்தாவையும் எண்ணிப் பாருங்கள். மருதானைப் பள்ளிவாசல் தன் வளவைப் பிள்ளைகளுக்குத் திறந்துகொடுத்தது. நமது பள்ளிவாசலிடம் அத்தனை பெரிய வளவு இல்லை. ஆயினும் உயர் தரம் கற்கும் ஓர் ஏழைப் பிள்ளையின் புத்தகச் செலவை ஏற்கும் வசதி நம் மஹல்லாவில் பல வீடுகளுக்கு உண்டு.

1977இல் இலங்கை அரசாங்கம் அன்னாரின் உருவம் தாங்கிய முத்திரையை வெளியிட்டது. கண்டியில் அன்னாரின் பெயரால் ஒரு பாடசாலை விளங்குகிறது. இவை யாவும் உலகம் செய்யும் மரியாதைகள். மனிதன் மரணித்த பின்னும் தொடரும் நன்மைகளில் பயனளிக்கும் கல்வியும் ஒன்று என நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். அந்த நன்மை அன்னாரின் கப்ருக்கு இன்றளவும் சென்றுகொண்டிருக்கும் என்று நாம் நம்புகிறோம்.

யா அல்லாஹ்! மர்ஹூம் சித்திலெப்பை அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்கி, மேலான சுவர்க்கத்தை அருள்வாயாக! அன்னாருடன் தோள் கொடுத்த பெரியார்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவாயாக! நமது ஜமாஅத்தின் ஆண், பெண் பிள்ளைகள் யாவரையும் மார்க்கமும் உலகமும் அறிந்த நன்மக்களாக ஆக்கியருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.